சீர்திருத்தப் பாடசாலையிலிருந்து சமூகத்துக்கு: இளங்குற்றவாளிகளுக்கான நிதியின் திசைமாற்றம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு சமுதாயம் தன் இளந்தலைமுறையை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அதன் சட்டப் புத்தகத்திலும் பார்க்க அதன் வரவு செலவுக் கணக்கே தெளிவாகக் காட்டும். சட்டம் உயர்ந்த நோக்கங்களைப் பேசலாம். எனினும், நிதி எங்குச் சென்று சேர்கிறது என்பதைக் கொண்டே அந்நோக்கங்களின் உண்மையை அளவிட முடியும். குற்றம் புரிந்த சிறுவர்களையும் இளைஞர்களையும் அடைத்துவைக்கும் நிறுவனங்களுக்குச் செலவாகும் பணத்தை, அவர்கள் பிறந்து வளர்ந்த அயலிலேயே அவர்களுக்கு வேண்டிய சேவைகளை அமைப்பதற்குத் திருப்ப வேண்டும் என்னும் கோரிக்கை ஐக்கிய அமெரிக்காவில் 1960களிலிருந்து வலுப்பெற்று வந்துள்ளது. மனிதாபிமானத்தின் பெயராலும் சிக்கனத்தின் பெயராலும் இக்கோரிக்கை ஒருங்கே முன்வைக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணைநின்ற சந்தர்ப்பங்களும் உள. ஒன்று மற்றொன்றைக் கைவிட்ட சந்தர்ப்பங்களும் உள. மசச்சூசெற்ஸ், கலிபோர்னியா, ஒகையோ, இலினோய், நியூயோர்க் ஆகிய மாநிலங்களின் அனுபவத்தைக் கொண்டு இக்கோரிக்கையின் பலத்தையும் பலவீனத்தையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறுவனங்களின் தோற்றம்

சீர்திருத்தப் பாடசாலை என்பது தோன்றிய காலத்தில் ஒரு முற்போக்கான ஏற்பாடாகவே கருதப்பட்டது. வளர்ந்த குற்றவாளிகளோடு ஒரே சிறையில் சிறுவர்களை அடைப்பது கொடுமை என உணர்ந்தவர்களே அதனை வேண்டி நின்றனர். மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வெஸ்ற்பரோவில் 1848ஆம் ஆண்டு திறக்கப்பட்டதும், பின்னர் லைமன் பாடசாலை எனப் பெயர்பெற்றதுமான நிறுவனமே அந்நாட்டில் மாநில அரசொன்று நடத்திய முதலாவது சீர்திருத்தப் பாடசாலையாகும். அதன் பின் அரை நூற்றாண்டு கழித்து, 1899ஆம் ஆண்டில், சிக்காகோ நகரில் முதலாவது சிறுவர் நீதிமன்றம் நிறுவப்பட்டது. தண்டிப்பதற்குப் பதிலாகப் பெற்றோரின் இடத்தில் நின்று காப்பதே அந்நீதிமன்றத்தின் கடமை எனக் கூறப்பட்டது.

ஆனால் காப்பதாகக் கூறியவர்களிடமிருந்து சிறுவரைக் காக்க வேண்டிய நிலை விரைவிலேயே ஏற்பட்டது. அரிசோனா மாநிலத்தில், தொலைபேசியில் அநாகரிகமாகப் பேசியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 15 வயதுச் சிறுவன் ஒருவன், 21 வயது நிறையும் வரை தடுத்துவைக்கப்படக் கூடியவாறு மாநிலத்தின் தொழிற்பாடசாலைக்கு அனுப்பப்பட்டான். அதே குற்றத்தை வளர்ந்தவர் ஒருவர் புரிந்திருந்தால் 50 டொலருக்கு மேற்படாத அபராதமோ இரண்டு மாதத்துக்கு மேற்படாத மறியலோதான் விதிக்கப்பட்டிருக்கும். 1967ஆம் ஆண்டில் இவ்வழக்கில் தீர்ப்பளித்த ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம், சிறுவர்க்கும் சட்டத்தரணியின் துணையைப் பெறும் உரிமை உண்டென உறுதிசெய்தது. இத்தீர்ப்பு நீதிமன்றத்தின் வாயிலில் சிறுவனுக்கு ஒரு பாதுகாப்பைத் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நீதிபதியின் முன் இருந்த தெரிவுகளை அது பெருக்கவில்லை. அயலிலே அனுப்புவதற்கு ஏற்ற இல்லமோ, வழிகாட்டியோ, தொழிற்பயிற்சியோ இல்லாதவிடத்து, மனச்சாட்சியுள்ள நீதிபதியும் கைக்கெட்டிய ஒரே கதவைத் தட்ட வேண்டியவராகின்றார். அக்கதவுக்கு மட்டுமே அரசு பணம் ஒதுக்கியிருந்தது.

மசச்சூசெற்ஸ் தந்த பாடம்

இந்நிலையை அடிப்படையிலேயே மாற்ற முயன்ற முதலாவது மாநிலம் மசச்சூசெற்ஸ் ஆகும். 1969ஆம் ஆண்டில் அங்கு இளைஞர் சேவைத் திணைக்களத்தின் ஆணையாளராக ஜெரோம் மில்லர் நியமிக்கப்பட்டார். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி பயிற்றிய இவர், தொடக்கத்தில் நிறுவனங்களை மூடும் எண்ணத்தோடு வந்தவரல்லர். அடியையும் அவமதிப்பையும் தனிமையறையையும் ஒழித்து, அவற்றை மனிதத் தன்மை வாய்ந்தனவாக மாற்றலாம் என்றே நம்பினார். ஊழியரின் எதிர்ப்பும், நிறுவனத்தின் அன்றாட இயல்பும் அந்நம்பிக்கையைச் சிதைத்தன. நல்ல நிறுவனம் ஒன்றை உருவாக்கினாலும் அடுத்து வரும் ஆணையாளர் அதனைப் பழைய நிலைக்கே கொண்டுசெல்லலாம். மூடப்பட்ட நிறுவனத்தை மீளத் திறப்பது அத்துணை எளிதன்று என்னும் முடிவுக்கு அவர் வந்தார். ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜென்றின் ஆதரவும் அவருக்குக் கிட்டியது. 1973ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் பதவியை விட்டு நீங்கியபோது, மாநிலத்தின் பெரிய சீர்திருத்தப் பாடசாலைகள் சிறுவரை அடைத்துவைக்கும் இடங்களாக இருக்கவில்லை. 1848இல் திறக்கப்பட்ட லைமன் பாடசாலையும் அவற்றுள் ஒன்று.

இம்மாற்றத்தில் பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் பங்குண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது. 1972ஆம் ஆண்டு சனவரியில் ஏறத்தாழ நூறு இளைஞர்கள் நிறுவனங்களிலிருந்து அம்ஹெர்ஸ்ற் நகரிலுள்ள மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச்செல்லப்பட்டனர். ஒவ்வோர் இளைஞனுக்கும் ஒரு மாணவர் துணைவராக அமர்த்தப்பட்டார். ஏறக்குறைய ஒரு மாத காலம் விடுதிகளில் அவர்கள் ஒன்றாக வாழ்ந்தனர். பின்னர் அவ்விளைஞர்கள் தத்தம் வீடுகளுக்கும், வளர்ப்புக் குடும்பங்களுக்கும், சிறு குழு இல்லங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அபாயகரமானவர்கள் எனப் பூட்டிவைக்கப்பட்டிருந்தவர்களுட் பெரும்பாலோர் தம் வயதையொத்தோருடன் திறந்த வெளியில் வாழக்கூடியவர்களே என்பதை இம்முயற்சி எடுத்துக்காட்டியது. அதனோடு, ஓர் இளைஞனுக்குப் பொறுப்பாக ஒரு மனிதர் இருத்தல் என்பது மதிலுக்கு மாற்றாக அமையக்கூடும் என்பதையும் அது உணர்த்தியது.

எனினும், மசச்சூசெற்ஸ் அனுபவத்தை வெறும் வெற்றிக் கதையாகக் கொள்வது பொருந்தாது. இரு தடைகள் அங்கு வெளிப்பட்டன. முதலாவது, பணம் இளைஞரைப் பின்தொடர்ந்து செல்லவில்லை. கட்டடங்கள் வெறுமையான பின்பும் அவற்றின் ஊழியர் அரசாங்க சேவையாளர் என்ற வகையிற் சம்பளப் பட்டியலில் நீடித்தனர். ஆகவே, வெறுமையான நிறுவனத்துக்கும் புதிய சேவைக்குமாக ஒரே காலத்தில் இரு செலவுகளைத் தாங்க வேண்டியிருந்தது. மத்திய அரசின் மானியங்கள் கிடைத்திராவிடின் இடைக்காலத்தைக் கடந்திருப்பது அரிது. இரண்டாவது, லோயிட் ஓலின் முதலான ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் இம்மாற்றத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, மாநிலம் முழுவதையும் ஒன்றாக எடுத்து நோக்குமிடத்து மீண்டும் குற்றம் புரிவோர் தொகை குறைந்ததாகக் காணப்படவில்லை. ஆனால், பல்வகைச் சேவைகள் செவ்வனே அமைக்கப்பட்டிருந்த பிரதேசங்களில் மட்டும் பெறுபேறுகள் மேம்பட்டிருந்தன. கதவைத் திறந்துவிடுவது தேவையான முதற்படி. திறந்த கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதே பயனைத் தீர்மானிக்கின்றது என்பது இவ்வாய்விலிருந்து பெறப்படும் முடிபாகும்.

பணம் செலுத்துபவர் யார்?

மசச்சூசெற்ஸ் ஓர் ஆணையாளரின் துணிவினால் மாறியது. ஏனைய மாநிலங்கள் கணக்கின் அமைப்பை மாற்றுவதன் மூலம் அதே இலக்கை அடைய முனைந்தன. இதனை விளங்கிக்கொள்வதற்கு அந்நாட்டின் ஆட்சியமைப்பை நோக்குதல் வேண்டும். சிறுவர் நீதிமன்றமும் நன்னடத்தைத் திணைக்களமும் பெரும்பாலும் கவுண்டி எனப்படும் உள்ளூர் ஆட்சிப் பிரிவைச் சார்ந்தவை. பெரிய நிறுவனங்களோ மாநில அரசுக்கு உரியவை. இளைஞன் ஒருவனைத் தன் எல்லைக்குள் வைத்துப் பராமரித்தால் கவுண்டி தன் பணத்தைச் செலவிட வேண்டும்; அவனை மாநில நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால் செலவு மாநிலத்தைச் சாரும். கட்டளையில் ஒப்பமிடுவது ஒரு கை, பணம் கொடுப்பது மற்றொரு கை என்ற இந்நிலையில், மிகக் கூடிய செலவுள்ள வழியே கவுண்டிக்கு மிகக் குறைந்த செலவுள்ள வழியாக அமைந்துவிட்டது.

கலிபோர்னியா இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1996 வரை, மாநில இளைஞர் அதிகார சபைக்கு அனுப்பப்பட்ட ஓர் இளைஞனுக்காகக் கவுண்டி மாதமொன்றுக்குச் செலுத்திய தொகை 25 டொலர் மாத்திரமே. அவ்வாண்டில் அச்சபையின் நிறுவனங்களில் ஏறத்தாழ 10,000 இளைஞர் இருந்தனர். அதே ஆண்டு நிறைவேற்றப்பட்ட சட்டம் அக்கட்டணத்தை உயர்த்தியதோடு, சிறு குற்றங்களுக்காக அனுப்பப்படுவோருக்கான செலவின் பெரும் பகுதியைக் கவுண்டியே ஏற்க வேண்டுமெனவும் விதித்தது. 2007ஆம் ஆண்டின் சட்டம் பாரதூரமான குற்றங்களைப் புரிந்தோரை மட்டுமே மாநிலத்துக்கு அனுப்பலாமெனக் கட்டுப்படுத்தி, ஏனையோருக்காகக் கவுண்டிகளுக்கு மானியம் வழங்கியது. அக்காலத்தில் இளைஞரின் குற்றங்களும் குறைந்துவந்தன. ஆதலால் வீழ்ச்சி முழுவதையும் கட்டணத்தின் விளைவெனக் கொள்ளுதல் தகாது. ஆயினும், நேற்று வரை பூட்டிவைக்கப்பட வேண்டியவர்கள் எனக் கருதப்பட்டோருட் பலர், விலை உயர்ந்ததும் அவ்வாறு கருதப்படாதொழிந்தனர். தீர்ப்பு எனப்பட்டதன் அடியில் எவ்வளவு கணக்கு மறைந்திருந்தது என்பதை இது வெளிக்காட்டுகின்றது.

ஒகையோவில் 1993இல் சட்டமாகி 1995இல் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட திட்டம் இன்னும் நேரடியானது. கவுண்டிகளுக்கு இளைஞர் சேவைக்கான பணம் முன்னதாகவே பகிர்ந்தளிக்கப்பட்டது. மாநில நிறுவனத்துக்கு இளைஞர் அனுப்பப்படும்போது அவர்களுக்கான நாட்செலவின் 75 வீதம் அப்பங்கிலிருந்து கழிக்கப்பட்டது. மிகப் பாரதூரமான குற்றங்களுக்கு விதிவிலக்கும் வைக்கப்பட்டது. இலினோய் மாநிலம் 2004இல் சட்டமாக்கிய திட்டத்தின்படி, மாநில நிறுவனங்களுக்கு அனுப்புவோரின் தொகையை முந்திய மூவாண்டுச் சராசரியிலிருந்து 25 வீதத்தாற் குறைக்க உடன்படும் கவுண்டிகளுக்கு உள்ளூர்ச் சேவைகளுக்கான பணம் கிடைத்தது. ஒகையோத் திட்டத்தைச் சின்சினாற்றிப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிபு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. குறைந்த ஆபத்துடையோரெனக் கணிக்கப்பட்ட இளைஞர், சமூகத்தில் விடப்பட்டபோதிலும் பார்க்க நிறுவனங்களில் அடைக்கப்பட்டபோதே கூடுதலாக மீண்டும் குற்றம் புரிந்தனர். அவர்களைப் பொறுத்தவரையில், பொதுமக்களின் பாதுகாப்புக்கென அரசு செலவிட்ட பணம் அப்பாதுகாப்பையே குறைத்திருக்கின்றது.

பணம் பெறுபவர் யார்?

பணம் எங்கிருந்து எடுக்கப்படுகின்றது என்ற வினாவோடு விமர்சனம் நின்றுவிடலாகாது. அது எவர் கையைச் சென்றடைகின்றது என்பதே இக்கோரிக்கையின் ஆதரவாளர்கள் பெரும்பாலும் கேட்கத் தவறிய வினா.

கலிபோர்னியாவிலேயே 1965ஆம் ஆண்டில் நன்னடத்தை மானியச் சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது. மாநில நிறுவனங்களுக்கு அனுப்பாது விடப்படும் ஒவ்வொருவருக்காகவும் கவுண்டிக்கு 4,000 டொலர் வரை வழங்கப்பட்டது. அனுப்பப்பட்டோர் தொகை குறைந்தது. திட்டம் வெற்றியெனப் பாராட்டப்பட்டது. 1975இல் போல் லேர்மன் வெளியிட்ட ஆய்வு இப்பாராட்டை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. மாநில நிறுவனங்களுக்குச் சென்றோர் முன்னரிலும் நீண்ட காலம் அங்கு வைக்கப்பட்டனர். உள்ளூர்த் தடுப்பு நிலையங்களின் பயன்பாடும் பெருகியது. சமூகச் சிகிச்சை எனப் பெயரிடப்பட்டதன் உள்ளே சமூகக் கட்டுப்பாடே வளர்ந்திருந்தது என்பது அவரது வாதம். நிறுவனங்களிலிருந்து விடுவிக்கும் இயக்கத்தின் பின்னணியில் அரசின் நிதி நெருக்கடியே நின்றது என அன்ட்ரூ ஸ்கல் 1977இல் வாதித்தார். வலையின் கண்கள் நுண்மையாக, வலையோ அகலமாகின்றது என்ற கருத்தை ஸ்ரான்லி கோகென் 1985இல் விரித்துரைத்தார்.

இவ்வெச்சரிக்கை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதை லொஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் அனுபவம் மெய்ப்பித்தது. இளைஞர் குற்றத்தைத் தடுப்பதற்கென 2000ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஆண்டுதோறும் வழங்கிய நிதி அங்கு நன்னடத்தைத் திணைக்களத்தின் பொறுப்பில் விடப்பட்டது. அந்நிதியின் ஒரு பகுதி பாடசாலைகளில் நன்னடத்தை உத்தியோகத்தரை அமர்த்துவதற்குப் பயன்பட்டது. எக்குற்றத்துக்கும் கைதுசெய்யப்படாத, படிப்பிற் பின்தங்கிய மாணவர்கள் கூட ‘சுயவிருப்பமான நன்னடத்தைக் கண்காணிப்பு’ என்னும் பெயரில் அவ்வுத்தியோகத்தரின் பார்வைக்குள் கொண்டுவரப்பட்டனர். மறுபுறம், கோடிக்கணக்கான டொலர் செலவிடப்படாமலே திரண்டு கிடந்தது. 2020இல் மாநிலக் கணக்காய்வாளர் லொஸ் ஏஞ்சலிஸ் உள்ளிட்ட ஐந்து கவுண்டிகளைப் பரிசோதித்து, இச்சட்டத்தின் மீதான மேற்பார்வை பலவீனமானது என அறிக்கை வெளியிட்டார். கணிதத்தில் தடுமாறும் பிள்ளைக்கு ஓர் ஆசிரியரைத் தரவேண்டிய பணம் அவனுக்கு ஒரு கண்காணிப்பாளரைத் தருமாயின், அங்கு திசைமாறியது பணத்தின் பெயர் மட்டுமே. பொதுமக்களின் நீண்ட போராட்டத்தின் பின் அம்முறை கைவிடப்பட்டதும், 2022இல் நன்னடத்தைத் திணைக்களத்துக்குப் புறம்பாக இளைஞர் அபிவிருத்தித் திணைக்களம் ஒன்று அக்கவுண்டியில் உருவாக்கப்பட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கன.

கலிபோர்னியா தன் மாநில இளைஞர் நிறுவனங்களை 2023ஆம் ஆண்டு யூன் 30ஆம் திகதியுடன் மூடியது. 1848இல் வெஸ்ற்பரோவில் தொடங்கிய மரபில் இது ஒரு பெரிய திருப்பமாகும். ஆனால் அதற்கு ஈடாக, இளைஞர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,25,000 டொலர் என்ற கணக்கில் கவுண்டிகளுக்கு வழங்கப்படும் நிதியைக் கொண்டு, கவுண்டிகள் தத்தம் பூட்டிய நிலையங்களை நடத்துகின்றன. மாநில நிறுவனங்கள் மூடப்படுவதற்குச் சற்று முன்னர், அதே ஆண்டு மே மாதத்தில், லொஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் இரு தடுப்பு மண்டபங்கள் இளைஞரை வைத்திருக்கத் தகுதியற்றவையென மாநிலச் சபையொன்று தீர்மானித்தது. தொலைவிலிருந்த மதிலை இடித்து, அருகே ஒரு மதிலை எழுப்புவதைச் சமூகமயமாக்கல் என அழைத்தல் பொருந்தாது.

சமூகம் என்னும் சொல்லும் ஆராயப்பட வேண்டியதே. மிகுதியான இளைஞரைச் சிறைக்கு அனுப்பும் அயல்களே பெரும்பாலும் சேவை நிலையங்கள் மிகக் குறைந்த அயல்களாகவும் உள்ளன. அங்கு இயங்கும் சிறு அமைப்புகள், முதலிற் செலவிட்டுப் பின்னர் அரசிடம் மீளப்பெறும் ஒப்பந்த முறையைத் தாங்க வல்லனவல்ல. கைம்முதல் படைத்த பெரிய நிறுவனங்களே அவ்வொப்பந்தங்களைப் பெறுகின்றன. அயலின் பெயரால் ஒதுக்கப்பட்ட பணம் அயலாருக்குக் கிட்டாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சிக்கனம் என்னும் வாதம்

நிதியைத் திசைமாற்ற வேண்டுமென வாதிப்போர் அடிக்கடி எடுத்தாளும் ஆயுதம் செலவுக் கணக்காகும். காவலுள்ள நிறுவனத்தில் ஓர் இளைஞனை வைத்திருப்பதற்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2,14,620 டொலர் செலவாகின்றதென நீதிக் கொள்கை நிறுவகம் 2020இல் கணக்கிட்டது. இத்தொகையின் சிறு பகுதியைக் கொண்டே குடும்ப ஆலோசனை, தொழிற்பயிற்சி, மாலைநேரக் கல்வி, வளர்ப்பு இல்லம் முதலியவற்றை வழங்க முடியும் என்பது உண்மையே. சட்டசபைகளில் மனிதாபிமானம் பெறாத வாக்குகளைச் சிக்கனம் பெற்றுத் தந்திருக்கின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் சிக்கனத்தின் பெயரால் வந்தது சிக்கனத்தின் பெயரால் பறிக்கப்படவும் கூடும். நியூயோர்க்கில் 2012இல் சட்டமான திட்டத்தின் மூலம், முன்னர் நகரிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள மாநில நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்ட இளைஞர் நகரிலும் அதன் அண்மையிலும் உள்ள சிறு இல்லங்களில் வைக்கப்பட்டனர். குடும்பத்தார் அவர்களைப் பார்க்கக் கூடியதாயிற்று. அங்கு கற்ற பாடங்கள் நகரப் பாடசாலைகளில் ஏற்றுக்கொள்ளப்பட்டன. அடைக்கப்பட்டோர் தொகையும் குறைந்தது. அவ்வாறிருந்தும் 2018இல் மாநில அரசு இத்திட்டத்துக்கான தன் பங்கை நிறுத்திக்கொண்டது. நகரமே செலவைச் சுமக்க நேர்ந்தது. அதே ஆண்டு 16 வயதினரையும், அடுத்த ஆண்டு 17 வயதினரையும் சிறுவர் நீதிமுறைக்குள் கொண்டுவரும் சட்டம் நடைமுறைக்கு வந்தமையாற் சுமை கூடுமென எதிர்பார்க்கப்பட்ட வேளை அது. சேவை சேமிப்பின் கருவியாக மட்டும் கருதப்படுமிடத்து, சேமிப்பு நிறைவேறியதும் சேவை வேண்டாப் பொருளாகிவிடுகின்றது.

இதுவரை நிகழ்ந்த மாற்றம் சிறிதன்று. ஐக்கிய அமெரிக்கா முழுவதிலும் 2000ஆம் ஆண்டில் ஒரு நாட் கணக்கின்படி நிறுவனங்களில் இருந்த இளைஞர் ஏறத்தாழ 1,09,000 பேர். 2020இல் அத்தொகை ஏறத்தாழ 25,000 ஆயிற்று. இவ்வீழ்ச்சியிற் குறைந்துவந்த குற்றத்துக்கும், கைதுகளின் குறைவுக்கும், 2020ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க்கும் பங்குண்டு. ஆயினும், ஒரு காலத்திற் பூட்டிவைத்தாலன்றி நாடு தாங்காது எனப்பட்ட இளைஞரின் தொகை எத்துணை மிகைப்படுத்தப்பட்டிருந்தது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. எனினும், கறுப்பின இளைஞர் அடைக்கப்படும் விகிதம் வெள்ளையின இளைஞரின் விகிதத்திலும் நான்கு மடங்குக்கு மேலாகவே இருந்துவருகின்றது. கட்டடங்கள் சுருங்கியபோதும், உள்ளே எவர் செல்வது என்பதைத் தீர்மானிக்கும் சமுதாய ஏற்றத்தாழ்வு சுருங்கவில்லை. பணத்தின் வழியை மட்டும் மாற்றுவதால் இவ்வேற்றத்தாழ்வு நீங்கிவிடாது என்பதைச் சீர்திருத்தவாதிகள் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

கொலை போன்ற கொடிய குற்றங்களைப் புரிந்த இளைஞரையும் அயலிலேயே விடுவதா என எதிர்த்தரப்பினர் வினவுவர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. மசச்சூசெற்ஸும் சிறு தொகையினருக்கெனக் காவலுள்ள இல்லங்களை வைத்திருந்தது. ஒகையோவும் அத்தகையோருக்கு விதிவிலக்களித்தது. ஆனால் சிலருக்காகத் தேவைப்படும் காவலைப் பலருக்கான விதியாக்கியமையே பழைய முறையின் அடிப்படைத் தவறாகும். அச்சிலரும் ஒருநாள் வெளிவருபவரே ஆதலால், அவர்களுக்கான இல்லங்களும் அயலிலுள்ள சேவைகளோடு தொடர்பற்று இயங்க முடியாது.

ஆகவே, நிதியின் திசைமாற்றம் என்னும் கோரிக்கையை மூன்று அளவுகோல்கள் கொண்டு மதிப்பிடுதல் பொருத்தமாகும். மூடப்படும் கட்டடத்தின் செலவு உண்மையாகவே நிறுத்தப்பட்டு இளைஞரைப் பின்தொடர்கின்றதா என்பது முதலாவது. அப்பணம் கண்காணிக்கும் கைகளை விட்டுக் கற்பிக்கும், வளர்க்கும், தொழில் தரும் கைகளைச் சென்றடைகின்றதா என்பது இரண்டாவது. எக்குற்றமும் புரியாத பிள்ளைகள் அப்பணத்தின் காரணமாக வலைக்குள் இழுக்கப்படாதிருக்கின்றனரா என்பது மூன்றாவது. இம்மூன்றும் நிறைவேறியவிடத்து மாற்றம் நிகழ்ந்தது. ஒன்று தவறியவிடத்தும் பழைய நிறுவனம் புதிய பெயரோடு மீண்டும் தலைகாட்டியது. இளைஞருக்கான சேவை மலிவானது என்பது அதற்குச் சார்பான ஒரு நல்ல வாதமே. அது மலிவாக இல்லாத ஆண்டிலும் அவர்களுக்கு அது உரித்தானது என்று வாதிக்கத் துணியும்போதே இக்கோரிக்கை முழுமை பெறும்.